ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

கெரித் பூந்தொட்டியைக் கவிழ்த்துச் சமையலறை மேசையின் விளிம்பில் ஓங்கித் தட்டினார். பக்கத்து அறையில் அவர் மனைவி ரியா செத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சத்தத்தில் மகள் ஹெஸ்டருக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து அம்மாவின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருப்பவள் அவள். அப்பா அறை வாசல்வரை வருவார், "எப்படி இருக்கா?" என்பார், பதில் வருவதற்குள் போய்விடுவார். சற்று முன்புதான் நர்ஸ் வில்மா, "அவரக் கூப்பிடுங்க, மூச்சு மாறிடுச்சு" என்றிருந்தாள்.

மேசையில் செய்தித்தாள் விரித்து, கொட்டிய மண்ணுக்கு நடுவே ரியாவின் சோற்றுக்கற்றாழையைக் கிடத்தியிருந்தார் கெரித். அடிமட்டைகள் கூழாகிப் பழுப்பாகத் தொங்கின. அழுகல் நாற்றம் சமையலறை முழுக்க அடித்தது.

"அப்பா, உள்ள வாங்க."

"இதப் பாரு. வேரே இல்ல, மொத்தமும் அழுகிப்போச்சு."

"அப்பா!"

"எல்லாம் பாக்க வந்தவங்க பண்ண வேலை. ஆன்யே அத்தை, எதிர்வீட்டுக்காரி, அந்தப் பாதிரியார், ஆளுக்கு ஒரு டம்ளர் ஊத்திட்டுப் போயிருக்காங்க. நவம்பர்ல கத்தாழைக்கு எதுக்குத் தண்ணி? வெயிலே இல்ல, அது எப்படிக் குடிக்கும்?"

அவர் சொன்னது பொய்யில்லை. வந்தவர்கள் காப்பி குடித்தார்கள், ஒரே ஒரு பிஸ்கட் தின்றார்கள். பிறகு கட்டிலில் கிடப்பவளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் சன்னலோரம் போய் நின்று, பாவம் வாடியிருக்கிறதே என்று அங்கிருந்த இந்தச் செடிக்கு ஊற்றினார்கள். ஹெஸ்டரும் ஊற்றியிருந்தாள். அதை ஒப்புக்கொள்ளும் நிலையில் இப்போது அவள் இல்லை.

"நாசமாப் போகட்டும் அந்தச் செடி! கடையில ஆயிரம் கெடைக்குது."

"இது அவ செடி."

"அவ அங்க கெடக்கா! உனக்கு வெக்கமா இல்ல?"

அப்பாவை அவள் 'நீ' என்றது அதுவே முதல் தடவை. கெரித் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ரொட்டிக் கத்தியால் அழுகல் தீரும்வரை தண்டைச் சீவிக்கொண்டே போனார்.

"வெட்டின எடம் நல்லாக் காயணும். அப்பறம் மணல் கலந்த மண்ணுல..."

ஹெஸ்டர் செடியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். மட்டைகள் முறிந்து தரையெல்லாம் வழுவழுவென்று சிதறின.

"செடியக் காப்பாத்தத் தெரியுது. பொண்டாட்டி பக்கத்துல அஞ்சு நிமிஷம் உக்காரத் தெரியல. கோழை!"

கெரித் குனிந்து எதையும் பொறுக்கவில்லை. கத்தி கையிலேயே இருந்தது.

"போன வாரம் என்னக் கேட்டா" என்றார். "'கெரித், ஏதாவது பண்ணேன்'னா. இத்தன வருஷத்துல என்கிட்ட அவ அப்படிக் கேட்டதே இல்ல. நான் என்னடி பண்ண? உக்காந்தா மறுபடியும் கேப்பாளோன்னு..."

"அவ பேச்சு நின்னு ரெண்டு நாளாச்சு! அதுகூட உனக்குத் தெரியாது!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுக்கு அவரை அறைய வேண்டும் போலிருந்தது.

"ஹெஸ்டர்!" உள்ளிருந்து வில்மா கூப்பிட்டாள். "ரெண்டு பேரும் வாங்க. இப்பவே!"

"கை கழுவிட்டு வந்துடறேன்" என்றார் கெரித்.

"கழுவ வேணாம்!"

அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கட்டிலருகே நாற்காலியில் தள்ளாத குறையாக உட்கார வைத்தாள். கெரித் போர்வைமேல் கிடந்த ரியாவின் இடது கையை மணிக்கட்டோடு பற்றினார். ரியா ஒரு மூச்சு விட்டாள். வெகுநேரம் கழித்து இன்னொன்று. அடுத்ததற்காக மூவரும் காத்திருந்தார்கள்.

வில்மா நாடியைப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையசைத்தாள். கெரித் எழுந்தார். பின்வாசலைத் திறந்துகொண்டு, கோட்டுகூடப் போடாமல் மூடுபனிக்குள் இறங்கினார். ஹெஸ்டர் அவரைத் தடுக்கவில்லை.

வில்மா வெந்நீர் கொண்டுவந்தாள். ரியாவின் முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். துணியை மறுபடி பிழிந்து இடது கைக்கு வந்தாள்.

"அத விடுங்க" என்றாள் ஹெஸ்டர்.

"இல்லம்மா, மண்ணா இருக்கு..."

"விடுங்கன்னு சொன்னேன்ல!"

வில்மா துணியை எடுத்துக்கொண்டாள். ரியாவின் மணிக்கட்டைச் சுற்றி நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. ஈரம் இன்னும் காயவில்லை.