இரண்டு வீட்டுச் சாமான்

ஏழையாகத் தெரிய வேண்டுமா, கௌரவமாகத் தெரிய வேண்டுமா என்பதுதான் தையல்காரிக்குக் காலையிலிருந்து குழப்பம். மகளின் கல்லூரிச் செலவு முழுவதையும் ஏற்க ஓர் அறக்கட்டளை முன்வந்திருந்தது. பரீட்சை, நேர்காணல் எல்லாவற்றையும் மகள் தாண்டிவிட்டாள். அவர்கள் வந்து வீட்டைப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. அதில் கோட்டை விட்டால் மகளும் தையல் மெஷினில்தான் குனிய வேண்டும்.

காசு கொடுக்க ஆள் இல்லாத வீட்டில் யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கொழுந்தனுக்குச் ‘சட்டம்’ என்று பட்டப்பெயர். கேட்டாலும் பேசுவான், கேட்காவிட்டாலும் பேசுவான்.

“அண்ணி, ஃபேனைப் பாத்தா வசதின்னுடுவாங்க. மெஷினைப் பாத்தா வருமானம்னு எழுதிக்குவாங்க. எல்லாத்தையும் தூக்குங்க.”

“அப்ப வர்றவங்க எங்க தம்பி உக்காருவாங்க?”

“தரையில. அதான் நமக்கு நல்லது.”

வீட்டுக்கு வருகிறவரைத் தரையில் உட்கார வைக்க அவளுக்கு மனசு கேட்கவில்லை. நீல ஸ்டூல் ஒன்றை மட்டும் பிடிவாதமாக நிறுத்திக்கொண்டாள். மற்றதெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவிடம் போயிற்று. சொந்த அக்கா இல்லை. நடுச்சுவரைப் பங்கு போட்டுக்கொண்டதில் வந்த உறவு. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிறவள். “தூக்கிட்டு வாடி, எங்கிட்ட எடமா இல்ல?” என்றாள். இடம் இல்லாமல் என்ன, சாமான்தான் அங்கே கிடையாது.

அறக்கட்டளைப் பெண் வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். பார்க்க நல்லவளாக இருந்தாள், அது இன்னும் பயமாக இருந்தது.

“என்ன வேலை செய்றீங்க?”

“தையல்ங்க.”

“மெஷின் எங்க?”

தையல்காரி சட்டத்தைப் பார்த்தாள். சட்டம் ஜன்னலைப் பார்த்தான்.

“ரிப்பேருக்குப் போயிருக்குங்க” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். மகள் தலை குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டு எழுந்தாள். “அடுத்தது பக்கத்து வீடு. நாளைக்கு வர்றதாதான் சொல்லியிருந்தோம். இவ்வளவு தூரம் வந்தாச்சு, இப்பவே முடிச்சிடலாம்.”

“அங்க எதுக்குங்க?”

“அவங்க பொண்ணும் விண்ணப்பம் போட்டிருக்காளே.”

“அவ வீட்டுல சொல்லலம்மா” என்றாள் மகள், மெல்ல. “கெடைச்சா சொல்லிக்கலாம்னு இருந்தா.”

தையல்காரி பதறி எழுந்து வாசலைத் தாண்டுவதற்குள் அந்தப் பெண் பக்கத்துக் கதவைத் தட்டிவிட்டாள்.

அக்கா வீட்டில் ஃபேன் காற்றை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. டிவி, பீரோ, மெஷின் எல்லாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள் போல நெருக்கியடித்து நின்றன.

“இதெல்லாம் உங்களுதா?”

அக்கா அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் தையல்காரியைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க மாட்டேன் என்பதுபோல ஒரு கண்ணைச் சிமிட்டினாள். “பின்ன யாருது? எல்லாம் எங்களுதுதாங்க. எங்களுக்கு என்ன கொறைச்சல்?”

பேனா ஓடியது.

வாயைத் திறந்தால் தன் மகளின் படிப்பு போகும். மூடிக்கொண்டால் அக்கா மகளின் படிப்பு போகும். இரண்டு பெண்களும் ஒரே விளக்கடியில் படித்தவர்கள். எதைச் செய்தால் பாவம், எதைச் செய்தால் புண்ணியம் என்று அவளுக்குப் பிடிபடவே இல்லை. பிடிபடுவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“மேடம், அதெல்லாம் என்னுது. மெஷின் ரிப்பேருன்னு சொன்னது பொய்.”

“அடியே, உனக்கென்ன கிறுக்கா?” என்றாள் அக்கா.

“அவங்க உம் பொண்ணுக்காக வந்திருக்காங்கக்கா. காலேஜுக்கு.”

“எம் பொண்ணா? காலேஜுக்கா?” அக்கா மெஷினைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. “எனக்கு ஒண்ணுமே புரியலையேடி.”

அறக்கட்டளைப் பெண்ணுக்கும் புரியவில்லை. “அப்ப யாருக்குத்தான் என்ன இருக்கு?”

“ரெண்டு வீட்டையும் கூட்டி ரெண்டா வகுத்துக்குங்க மேடம்” என்றாள் தையல்காரி.

“அதுக்கு எங்க ஃபாரத்துல கட்டம் கெடையாதும்மா.” பேனாவை மூடினாள். “நாளைக்கு வரேன். எது யாருதோ அது அந்தந்த வீட்டுல இருக்கட்டும்.”

“பொய் சொன்னதையும் எழுதுவீங்களா?”

“எழுதணும். நீங்களா உண்மையைச் சொன்னதையும் எழுதுவேன். முடிவு பண்றது நான் இல்ல.”

அவள் போனதும் சாமான்கள் திரும்பிப் போயின. கடைசியில் அக்கா நீல ஸ்டூலைப் பார்த்தாள்.

“இதை மட்டும் நல்லா வச்சிருக்கடி.”

“இது உன்னுதுதானேக்கா?”

“உன்னுதுன்னுல்ல நான் நெனச்சிட்டிருக்கேன்.”

இத்தனை வருஷமாக யார் வீட்டுக்கு ஆள் வந்தாலும் அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்டூல் அது. இரண்டு வாசலுக்கும் நடுவில் அதை வைத்துவிட்டு இருவரும் நின்றார்கள். நாளைக்கு அது எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று சட்டத்துக்கும் தெரியவில்லை.