திருமதி தௌசிப் பெயரில் ஒரு பில்

பெண்களின் கால் வீக்கத்தை நிராகரிப்பதுதான் அப்போது என் வேலை.

2009-ம் வருஷம். பெருங்களத்தூரில் ஒரு கண்ணாடிக் கட்டடம், மூன்றாவது மாடி. அமெரிக்காவில் கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக் காலில் ரத்தம் கட்டியவர்களும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனவர்களும் மாத்திரை கம்பெனி மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். அவர்களுடைய ஆஸ்பத்திரிக் காகிதங்களை வக்கீல்கள் ஸ்கேன் செய்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் ராத்திரி ஷிஃப்டில் அதைப் படித்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும். புகை பிடிப்பாரா? முன்பு காலில் வீக்கம் உண்டா? குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டு? மாத்திரை வாங்கியதற்கு ஆதாரம்? எத்தனை நாள் சாப்பிட்டார்? கடைசி இரண்டில் ஒன்று காலியாக இருந்தாலும் ஃபைலை ஓரங்கட்டிவிடலாம்.

ஓரங்கட்டுவதில் நான் கெட்டிக்காரன். பதினோரு அரியரோடு இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷம் விட்டவன் நான். வாழ்நாளில் வாங்கிய ஒரே பரிசு, அதிகமாக ஓரங்கட்டியதற்காக ஆபீஸில் கொடுத்த காபி மக்.

வீட்டில் இதைப் பெரிதாக அளந்துவிட்டிருந்தேன். அமெரிக்க மருத்துவ வழக்குகளைப் பார்ப்பவன் என்று. அதை நம்பிய ஒரே ஆள் என் அக்கா சித்திகா.

அக்காவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. கணவர் அய்மானுக்குக் குரோம்பேட்டையில் பைப் கடை. அந்த வருஷம் அவரும் அவர் அம்மாவும் அக்காவும் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக டிக்கெட் போட்டார்கள். போகிற இடத்தில் மாதவிலக்கு வந்தால் காபாவைச் சுற்றி வர முடியாது. அதனால் பெண்கள் தள்ளிப்போடுகிற மாத்திரை போட்டுக்கொள்வது வழக்கம். மாமியாரிடம் சொன்னால், கர்ப்பப்பை என்னாகும் என்று ஆரம்பித்துவிடுவார். மச்சானிடம் சொன்னால் அவர் அம்மாவிடம் சொல்லிவிடுவார். அக்கா மாடம்பாக்கத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு ஞானசௌந்தரி டீச்சர் எழுதிக்கொடுத்த சீட்டை என் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"நீதான்டா ராத்திரியெல்லாம் மாத்திரை படிக்கிற. நீயே வாங்கிட்டு வா."

தெரிந்த கடைக்குப் போகவில்லை. பீர்க்கன்கரணை ஏரி வரைக்கும் பைக்கில் போனேன். அங்கே இருந்த மெடிக்கல் கடைக்காரர் சுந்தர்சிங் சீட்டைப் பார்த்தார்.

"இது ஸ்டாக் இல்ல தம்பி. குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை ஒண்ணு இருக்கு. நடுவுல விடாம சாப்பிட்டா இதே வேலையைச் செய்யும்."

அட்டையை எடுத்துக் காட்டினார். எங்கள் ஆபீஸ் ஃபைல்களில் வருகிற அதே மருந்து. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பஸ்ஸில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

"யாருக்கு?"

"வீட்ல."

"மிஸஸுக்கா?"

அக்காவுக்கு என்று சொன்னால் எதற்கு என்று கேட்பார். ஆமாம் என்றேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. இப்போதும் ஆகவில்லை.

"டாக்டர் சீட்டு இருந்தா நல்லது. சரி, அவங்க சிகரெட் பிடிக்க மாட்டாங்க இல்ல? கால் வீக்கம் உண்டா? வீட்ல யாருக்காவது ரத்தம் கட்டியிருக்கா? தூரப் பயணம் ஏதாவது?"

இல்லை, இல்லை, இல்லை, இல்லை. ராத்திரிக்கு அறுபது படிவத்தில் அடிக்கிற அதே வேகம். என்னைப் பெற்றபோது அம்மாவுக்குக் காலில் ரத்தம் கட்டி ஒரு மாதம் படுக்கையில் கிடந்தது எங்கள் தெருவுக்கே தெரியும். பயணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர் ஏதோ எழுத ஆரம்பித்தார். பில் வேண்டாம்ணா என்று சொல்லி, நியூஸ் பேப்பரில் சுற்றிய அட்டைகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

உம்ரா நன்றாக முடிந்தது. காலி அட்டைகளை அக்கா ஜித்தா விமான நிலையக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். ஊர் திரும்பிய மூன்றாம் நாள் இடது கால் வீங்கியது. என்னிடம்தான் முதலில் காட்டினாள்.

"ஃப்ளைட்ல உட்கார்ந்த வீக்கம்க்கா. எண்ணெய் தேய்ச்சா போயிடும்" என்றேன். காபி மக் வாங்கியவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தேய்த்தாள். ஐந்தாம் நாள் மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள்.

எட்டு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டாள். சேர்த்த அன்றைக்கு டாக்டர், "மாத்திரை ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். ஆக்ஸிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து அக்கா, கருத்தடை மாத்திரை என்று சொல்லிவிட்டாள். எத்தனை நாளாக என்று கேட்பதற்குள் மயக்கம். டாக்டர் எங்களைப் பார்த்தார். மச்சானுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று அந்த இடத்தைக் காலியாக விட்டார்கள். யாரும் கேட்கவில்லை. டிஸ்சார்ஜ் காகிதத்திலும் அப்படியே வந்தது: கருத்தடை மாத்திரை உட்கொண்டவர். காலம்: காலி.

மாமியார் அதை யாரிடமோ கொடுத்துப் படிக்கச் சொன்னார். "நாலு வருஷமா திருட்டுத்தனமா முழுங்கியிருக்கா. அதான் பிள்ளை இல்ல" என்றார். பயணத்துக்காக மட்டும்தான் என்று அக்கா சொன்னது எடுபடவில்லை. அக்கா மாடம்பாக்கம் திரும்பினாள், பெட்டியோடு, காலில் இறுக்கமான உறையோடு.

நான் குரோம்பேட்டை போய் மச்சானிடம் உண்மையைச் சொன்னேன். அவர் பைப்பை அளந்துகொண்டே கேட்டார்.

"இத்தனை நாள் இதை ஏன் சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சு மச்சான்."

"இப்ப அக்கா வீட்டுக்கு வந்ததும் வெட்கம் போயிடுச்சா? நீ அவ தம்பி. அவளுக்காக எதையும் சொல்லுவ. எங்க அம்மாகிட்ட காட்ட ஒரு பேப்பராவது இருக்கா?"

இல்லை. ஆதாரம் காலி, காலம் காலி. என் மேஜைக்கு வந்திருந்தால் அரை நிமிஷத்தில் ஓரங்கட்டியிருப்பேன்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். அமெரிக்காவில் எவ்வளவு தருகிறார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அக்கா நிறுத்தினாள்.

"எனக்குக் காசு வேணாம்டா. எனக்குத் தேதி வேணும். அந்த மாத்திரையை என்னைக்கு வாங்குனோம், எத்தனை வாங்குனோம்னு வெளியாள் ஒருத்தன் எழுதிக் கொடுக்கணும்."

தாம்பரம் கோர்ட் பக்கம் வக்கீல் தட்சிணாமூர்த்தியைப் பார்த்தோம். முதலில் கடைக்கு நோட்டீஸ், பதிலைப் பார்த்துச் செங்கல்பட்டில் வழக்கு என்றார். தேதியையும் இரண்டு அட்டை என்பதையும் குறித்துக்கொண்டு பேனாவோடு என்னைப் பார்த்தார்.

"கடைக்காரர் ஏதாவது விசாரிச்சாரா?"

"இல்ல சார்." ஐந்தாவது இல்லை.

நோட்டீஸைப் பாதி நானே சொல்லி எழுத வைத்தேன். 'எந்த விசாரணையும் இன்றி', 'மனித உயிரைத் துச்சமென மதித்து' இதெல்லாம் என் சரக்கு.

இருபது நாளில் பதில் வந்தது. வக்கீல் எங்கள் இருவரையும் உட்காரவைத்து வாசித்தார்.

"'மேற்படி தேதியில் தௌசிப் என்ற இளைஞர், தன் மனைவிக்கு என்று கூறி, எங்கள் கட்சிக்காரரிடம் இரண்டு அட்டை மாத்திரை வாங்கியது உண்மை. அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்து அவர் பெயரில் பில் போடப்பட்டது. அவர் பில்லை வாங்க மறுத்துச் சென்றார். எங்கள் கட்சிக்காரர் நான்கு கேள்விகள் கேட்டார். நான்குக்கும் இல்லை என்று பதில் வந்தது. அது பில்லிலேயே குறிக்கப்பட்டுள்ளது. நகல் இணைப்பு.'"

ஐடி கார்டு. பெரிய கம்பெனியில் இருக்கிறேன் என்று நாலு பேருக்குத் தெரியட்டும் என்று, தூங்கும்போது மட்டும் கழற்றுகிற கயிறு.

வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர் சீட்டு இல்லாம கொடுத்தது அவன் தப்பு. ஆனா உங்க தம்பி பொய் சொன்னது அவன் பில்லுலயே இருக்கு. கேஸ் நிக்காதும்மா."

"அப்ப யார் மேல சார் கேஸ் போடலாம்?"

"தம்பி மேல போடலாம். ஜெயிச்சாலும் அவர்கிட்ட என்ன இருக்கு?"

"ஒரு மக் இருக்கு" என்றாள் அக்கா.

நகலை வாங்கி விரலை வைத்துப் படித்தாள். கார்பன் மங்கலாக இருந்தாலும் படிக்க முடிந்தது. திருமதி தௌசிப். இரண்டு அட்டை. விமானம் ஏறுவதற்கு இருபது நாள் முந்தைய தேதி. கீழே நாலு 'இல்லை'. நாலையும் இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா கால் ஞாபகம் வரல?"

வந்தது என்று சொன்னால் ஒரு விதம், வரவில்லை என்று சொன்னால் இன்னொரு விதம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் 'இல்லை' வாயில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். அக்கா காகிதத்தை நீட்டினாள். நின்றபடியே படித்தார். முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"உனக்குப் பொண்டாட்டி வேற இருக்காளா மச்சான்?"

நான் காலண்டரைத் தேடினேன். எங்கள் வீட்டில் அந்தச் சுவரில் காலண்டர் கிடையாது.

"கிளம்பு சித்திகா, போலாம்" என்றார்.

அக்கா எழுந்திருக்கவில்லை. காலை நாற்காலி மேல் நீட்டி வைத்திருந்தாள்.

"நான் சொன்னப்ப நம்பல. இவன் சொன்னப்பவும் நம்பல. பீர்க்கன்கரணை மெடிக்கல்காரன் சொன்னா நம்பறீங்க. சரி, இதை எடுத்துட்டுப் போய் உங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. தேதியோட. அவங்க வந்து கூப்பிடட்டும்."

"அம்மா எப்படி இவ்வளவு தூரம்..."

"மக்கா வரைக்கும் வந்தவங்க, மாடம்பாக்கம் வர மாட்டாங்களா?"

மச்சான் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தனியாகவே கிளம்பினார்.

அக்கா என் கழுத்தைக் காட்டி, "அதைக் கழட்டுடா" என்றாள். கழற்றிக் கொடுத்தேன். திருப்பித் தரவில்லை. அடுத்த ஷிஃப்டுக்குக் கார்டு இல்லாமல் போனேன், கேட்டில் விடவில்லை. புதுக் கார்டுக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுக்கவில்லை. இதை ராஜினாமா என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் ஆதாரம் இல்லை.

மாமியார் பன்னிரண்டாம் நாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். அக்கா அவருக்கு டீ போட்டு அந்த மக்கில் கொடுத்தாள்.