ஒட்மாரின் நான்காவது பீர்க்கூடம்

ஆகஸ்ட் மாதம் இரண்டாம் சனிக்கிழமை, இரண்டாம் பீர்க்கூடத்துக்கும் மூன்றாம் பீர்க்கூடத்துக்கும் நடுவே உள்ள மேட்டில் ஒட்மார் இறந்துபோனார். ஆனால் நடையை நிறுத்தவில்லை. எங்கள் ஹோல்ஸ்ராய்ட் கிராமத்தில் சொந்தமாகப் பீர் காய்ச்சி ஊற்றும் குடும்பங்கள் நான்கு. நான்கையும் சுற்றிவரப் பதின்மூன்று கிலோமீட்டர். விடுமுறைக்கு வருகிறவர்கள் காலையில் புறப்பட்டு, ஒவ்வொரு கூடத்திலும் ஒரு குவளை குடித்து, அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டு மாலைக்குள் முடித்துவிடுவார்கள். ஒட்மார் மட்டும் முப்பத்தொரு விடுமுறையாக நடந்தும் மூன்று முத்திரைக்கு மேல் வாங்கியதில்லை. நான்காவது கூடம் அவர் மனைவி ஹெட்விக் பிறந்த வீடு. அங்கேதான் அவருக்கு இடமில்லை.

காரணம் ஒரு குளவி. எங்கள் பக்கம் காலிக் குவளையைப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இன்னொன்று கொண்டுவா என்று அர்த்தம், குவளைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டையை எடுத்து மேலே மூடினால் போதும் என்று அர்த்தம். இது கைக்குழந்தைக்கும் தெரியும். ஒட்மாரோ திராட்சை மது குடிக்கும் வூர்ஸ்பர்க்கில் டிராம் ஓட்டியவர். நிச்சயதார்த்தத்தன்று குளவி விழாமலிருக்க, பாதி பீர் இருக்கும்போதே அட்டையால் மூடிவிட்டார். மச்சான் கிலியன் காய்ச்சிய முதல் பீர் அது. பாதியிலேயே போதுமா என்று கிலியனுக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்றே கரும்பலகையில் "ஒட்மாருக்கு ஆயுள் முழுவதும் இங்கே இடமில்லை" என்று எழுதி வாசலில் மாட்டினான். மழையில் அழிந்தால் மறுநாளே புதிதாக எழுதுவான். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஒட்மார் கேட்பாரா? ஹெட்விக் கணவனோடு வருஷாவருஷம் அந்த வாசல்வரை வந்து, உள்ளே கால் வைக்காமல் திரும்பினாள். புருஷனோடு சேர்ந்து அந்தத் தோட்டத்தில் ஒரு குவளை குடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. இரண்டு பிடிவாதக்காரர்களுக்கு நடுவே அது எங்கே நடக்கும்!

அன்று மேடு ஏறும்போது ஒட்மாருக்கு மூச்சு வாங்கவில்லை என்பதை ஹெட்விக்தான் முதலில் கவனித்தாள். சட்டை நனையவில்லை, கொசுவும் அவரை விட்டுவிட்டு அவளை மட்டும் கடித்தது. மூன்றாம் கூடத்தில், ஹாம்பர்க்கிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு டாக்டர் அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார், நாடியைப் பிடித்துப் பார்த்தார், பிறகு தன் குவளையை முடித்துவிட்டு, மரணம் பதினொன்றே முக்காலுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹெட்விக் ஒரு மூச்சு அழுதாள். பிறகு அந்தச் சீட்டை இரண்டுமுறை படித்தாள், கண்ணைத் துடைத்தாள், எழுந்து நின்றாள்.

"யோவ் மனுஷா, கிளம்பு. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

நான்காவது கூடத்து வாசலில் கிலியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "பலகையில எழுதியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது அண்ணே. ஆயுள் முழுக்கன்னு போட்டிருக்க. அவரு ஆயுள் பதினொண்ணே முக்காலுக்கு முடிஞ்சிருச்சு. இந்தா டாக்டர் சீட்டு."

கிலியன் படித்தான். ஒட்மாரின் மணிக்கட்டைத் தொட்டான், நிலவறைக் கல் மாதிரி சில்லென்றிருந்தது. அவன் முகம் ஒரு கணம் கலங்கியது. ஆனாலும் விடவில்லை. "செத்தா என்ன? மன்னிப்புக் கேக்கட்டும்."

"செத்தாலும் கேக்க மாட்டேன் மச்சான்," என்றார் ஒட்மார். "குளவி இருந்துச்சு."

"இல்ல."

"இருந்துச்சு."

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!" ஹெட்விக் போட்ட சத்தத்தில் தோட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. "முப்பத்தோரு வருஷம் எங்கம்மா வீட்டு வாசல்ல பிச்சைக்காரி மாதிரி நின்னுட்டுப் போயிருக்கேன். அம்மா சாவுக்குக்கூட வெளியில நின்னேன், இவர விட்டுட்டு வரமாட்டேன்னு. உங்க குளவியும் வேணாம், உங்க மன்னிப்பும் வேணாம். நான் உக்காரப் போறேன். முடிஞ்சா தூக்கி வெளிய போடு."

போய் உட்கார்ந்தாள், சுவரோரம், அவள் அம்மா உட்காரும் பெஞ்சில். ஒட்மார் பின்னாலேயே போய்ப் பக்கத்தில் அமர்ந்தார். கிலியன் தூக்கி வெளியே போடவில்லை. உள்ளே போனான், மூன்று குவளையோடு வந்தான். ஒட்மார் ஒரே மூச்சில் பாதி குடித்து, மீசையைத் துடைத்து, "பரவாயில்ல" என்றார். எங்கள் பக்கத்தில் பீருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. கிலியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணில் தூசி என்றான்.

விடுமுறை முடிய இன்னும் ஒன்பது நாள் இருந்தது. பாதிரியார் வந்து, அடக்கத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று நல்லபடியாகச் சொன்னார். சம்பளத்தோடு கொடுத்த லீவை எதற்கு விட வேண்டும் என்று ஒட்மார் கேட்டார். நியாயம்தான் என்று பாதிரியாரும் ஒரு குவளை குடித்துவிட்டுப் போனார். ஒன்பது நாளும் மூவரும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். பத்தாம் நாள் காலை ஒட்மார் எழுந்திருக்கவில்லை. கிலியன்தான் தோள் கொடுத்தான்.

மாதாகோவில் பதிவேட்டில் எந்தத் தேதியை எழுதுவது என்று பாதிரியார் ஹெட்விக்கிடம் கேட்டார். டாக்டர் சீட்டு ஒன்று சொல்கிறது, ஊர் ஒன்று சொல்கிறதே என்றார்.

"எதை வேணா எழுதிக்கோங்க சாமி," என்றாள் அவள். "ஒம்பது நாள் எங்கம்மா வீட்ல நானும் அவரும் உக்காந்திருந்தோம். அதை யாரும் அழிக்க முடியாது."

பாதிரியார் இரண்டு தேதியையும் எழுதினார்.