காலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஒரு தேடல்

எட்டேகாலுக்குத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் போன் அலறியது. விக்னேஸ்வரி எடுத்தாள். காட்டிலிருந்து ஒரு தொழிலாளி.

“பதினாலாம் காட்டுல நாலு பேரு வாந்தி எடுத்துக் கெடக்குறாங்க. ஒங்க அக்காவும்தான். லோரிய அனுப்பும்மா!”

பதினாலாம் காட்டுத் தேயிலைக்கு நேற்று மாலைதான் பூச்சிமருந்து அடித்தார்கள். இரண்டு நாள் யாரும் இறங்கக் கூடாது.

லோரியை அனுப்பினாள். அழுகை வரவில்லை.

பத்து மணிக்கு அக்கா மலர் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். “உசுரோடதான் இருக்கேன்லா. வாயெல்லாம் கசப்பு. வரும்போது குடிக்க மைலோ வாங்கிட்டு வா.”

அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பதினொன்றுக்கு மானேஜர் குணாளன், கங்காணி நாகப்பனை வரவழைத்தார்.

“மருந்து அடிச்ச காட்டுக்கு ஆள் அனுப்பியிருக்கீங்க. போன்ல தோட்டத்துச் செயலியப் பாக்கலியா?”

“பாத்தேன் துரை. ‘மருந்துக் காடு’ பட்டனையே காணோம். முன்னெல்லாம் காலையில ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துல பலகையில காட்டு நம்பர் எழுதலேன்னா அந்தக் காடு தொறந்திருக்குன்னு அர்த்தம். போன்லயும் அப்படித்தான்னு அனுப்பிட்டேன்.”

“உதவிப் பக்கத்துல தேட வேண்டியதுதானே?”

“தேடினேன்.”

“இப்ப சொல்வீங்க. விக்னேஸ்வரி, லெட்டர் அடி. இன்னியோட வேலை இல்ல.”

நாகப்பன் அவளைப் பார்த்தார். “தோட்டத்து லைன் வீட்ட எப்ப காலி பண்ணணும்னும் சேத்து அடிச்சிரும்மா. ரெண்டு லெட்டர் எதுக்கு?”

அவள் இருக்கைக்குத் திரும்பினாள்.

தோட்டத்துச் செயலிக்கு உதவிப் பக்கங்களைத் தமிழில் எழுதுவது அவள்தான். நேற்றைய புதிய பதிப்பில் ‘மருந்துக் காடு’ பட்டனை எடுத்துவிட்டார்கள். மூடிய காடுகள் இனி வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும். கோலாலம்பூரிலிருந்து வந்த உத்தரவு ஒரே வரி: நீக்கிய வசதிக்கு உரிய பக்கத்தையும் நீக்கவும்.

நேற்று ஐந்து மணிக்கு நீக்கினாள். ஒரே அழுத்தம். பிறகு பிரிஞ்சாங் டவுனுக்குப் போய் அவித்த சோளம் தின்றாள்.

தேடல் பதிவைத் திறந்தாள். நாகப்பனின் பெயரில் மூன்று வரிகள்.

5:52. மருந்துக் காடு. முடிவு இல்லை.

5:53. மருந்து அடிச்ச காடு. முடிவு இல்லை.

5:55. மூடின காடு எங்க இருக்கு. முடிவு இல்லை.

ஆறு மணிக்குப் பெரட்டு, ஆட்களைக் காடு பிரித்து அனுப்பும் நேரம். மனிதர் கடைசி ஐந்து நிமிடம் வரை தேடியிருக்கிறார்.

அந்த மூன்று வரிகளையும் அச்செடுத்தாள். அச்செடுத்தாள். கடிதத்தையும் அடித்து, இரண்டையும் குணாளன் மேசையில் வைத்தாள்.

“லெட்டர்ல பேரு தப்பா இருக்கே. இது ஒன் பேரு.”

“தப்பு இல்ல சார். பக்கத்தை எடுத்தது நான். எடுத்த எடத்துல ஒரு வரி விட்டுருந்தா அவரு பாத்திருப்பாரு. அந்தத் தாளப் படிங்க.”

குணாளன் படித்தார். மறுபடி படித்தார். நாகப்பனின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “நீங்க போங்க. நாளைக்குப் பெரட்டுக்கு வந்துருங்க.”

வாசலில் நாகப்பன் நின்றார். “ஒனக்கு என்னா ஆகும் புள்ள?”

“தெரியல மாமா.”

உண்மையில் தெரியவில்லை. உட்கார்ந்து, நீக்கிய பக்கத்தை மீட்டு, மேலே எழுதினாள்: ‘மருந்துக் காடு பட்டன் இப்போது இல்லை. மூடிய காடுகளை வரைபடத்தில் சிவப்பில் பார்க்கவும். வரைபடம் திறக்காவிட்டால் ஆளை இறக்காதீர்கள். ஆபீஸைக் கேளுங்கள்.’

தேடிப் பார்த்தாள். மருந்துக் காடு.

ஒரு முடிவு.

கணினியை அணைத்துவிட்டு மைலோ வாங்கப் போனாள்.