பிந்திப் போன சேதி

தானியக் கிடங்கில் அவனுக்குப் ‘புது இன்ஜின்’ என்று பெயர். செத்துப்போன யாரோ ஒருவரின் இதயத்தை நெஞ்சில் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தவன். மூட்டை தூக்கக் கூடாது. கிழிந்த சாக்குகளைத் தைப்பதோடு சரி.

“பழைய நரம்பெல்லாம் அறுந்துபோச்சுப்பா,” என்று டாக்டர் எச்சரித்திருந்தார். “நீ பயந்தா மூளை போடுற கூச்சல் இந்த இதயத்துக்குக் கேட்காது. ரத்தத்துல கலந்துதான் சேதி போகணும். லேட்டாகும். எடுத்த எடுப்புல ஓடிடாதே. கொஞ்சம் நடந்து, அதை உசுப்பிட்டு வேலை செய்.”

அதனால் தார்ப்பாய் மடிக்கக்கூட ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் வருவான்.

“மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பிடுச்சுடா!” என்று சுமை தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். அதிகம் சிரிப்பவன் அவன் மச்சான்தான், பெண்டாட்டியின் தம்பி.

அன்று மூட்டை அடுக்கு சரிந்தது. அடியில் மச்சான்.

“மாமா!”

நடப்பதாவது, உசுப்புவதாவது? ஊசியை எறிந்துவிட்டு ஓடினான். ஒரு மூட்டையைப் புரட்டினான், இன்னொன்றை இழுத்தான். நெஞ்சு மட்டும் மதியத் தூக்கத்தில் கிடப்பதுபோல் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. எவன் வீட்டுச் சாவோ என்பதுபோல.

‘அடிடா, பாவி, வேகமா அடி!’

அடிக்கவில்லை. கண் இருட்டியது. மூட்டையின்மேலேயே சரிந்தான். இதோடு சரி, இவன் அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று நினைப்பு ஓடியது.

மற்றவர்கள் பாய்ந்து வந்து மச்சானை இழுத்துப் போட்டார்கள். முழங்கால் தோல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். இவன் முகத்தில் தண்ணீர் அடித்து உட்காரவைத்தார்கள். டீ வந்தது. பயம் தெளிந்து எல்லோரும் கத்திக் கத்திப் பேசினார்கள்.

அப்போது ஆரம்பித்தது. தடதடவென்று, சட்டை துடிக்க. டம்ளரை வைக்க முடியாமல் டீ தளும்பியது.

“என்ன மாமா, டீக்கே நடுங்குறீங்க?” என்று நொண்டிக்கொண்டு வந்த மச்சான், விளையாட்டாக அவன் நெஞ்சில் கை வைத்தான். சிரிப்பு செத்தது. “ஐயோ, என்ன மாமா இப்படி அடிக்குது?”

“நீ மூட்டைக்கு அடியில கிடந்த சேதி இப்பத்தான்டா வந்திருக்கு.”

“நிக்குமா?”

“தெரியல.” நாக்கு உலர்ந்திருந்தது. “எழுப்பி விடு, மெதுவா நடக்கணும். அக்காகிட்ட மூச்சு விடாதே.”

இருவரும் கிடங்கைச் சுற்றி நடந்தார்கள். யாரும் ஊர்வலம் என்று சொல்லவில்லை. நெஞ்சில் இருந்த அந்தக் கையை எடுக்க அவன் விடவில்லை.