ஒரு ஜெபமாலைக்கு அறுநூறு கடலை

மரியம் வீட்டில் அவித்து அரைத்தால் ஹும்முஸ் வெண்ணெய் மாதிரி வந்தது. எங்கள் வீட்டில் அதே கொண்டைக்கடலை, அதே குக்கர், அதே மிக்சி, அதே என் கை. வந்தது மணல். எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே மூன்று வீடுகள்தான். புக்கிட் செந்தோசாவில் ஒரே வரிசையில் ஒரே வருடம் கட்டியவை. மூன்று வீட்டுத் தூரத்தில் ஒரு கடலைக்கு ஏன் குணம் மாறுகிறது என்று எனக்குப் புரியவில்லை.

வெறும் சமையல் கௌரவம் என்றால் விட்டிருப்பேன். ஆனால் என் கணவர் அந்தோனிக்கு, மிச்சமிருந்த பதினொரு பற்களையும் பல் டாக்டர் எடுத்துவிட்டிருந்தார். புதுப் பல் கட்ட மூன்று மாதம் ஆகும். அதுவரை பல் இருந்த குழிகளில் துகள் எதுவும் போய் உட்காரக்கூடாது. கஞ்சி, முட்டை, மறுபடி கஞ்சி. ஐந்தாம் நாளே முட்டையைக் கண்டால் எழுந்து போனார். எட்டாம் நாள் கஞ்சியையும் தள்ளிவிட்டார். பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது.

ஒன்பதாம் நாள் மரியம் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார். குவாலா சிலாங்கூரில் அவருடைய தம்பி சேக் பரீது சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அங்கே வெள்ளிக்கிழமை மட்டும் ஹும்முஸ் உண்டு. அந்தோனி ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். கிண்ணம் காலியானதும் அதன் அடியைத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னா சாமான்?" (பல்லில்லாமல் அவர் சொன்னது வேறு மாதிரி கேட்டது. நான் திருத்தி எழுதுகிறேன்.)

"கச்சாங் கூடாதான் அண்ணே, நம்ம கொண்டக்கடல" என்றார் மரியம், என்னைக் காட்டி. "எவலினே செய்யலாம், லேசு. நான் சொல்லித் தர்றேன்."

லேசுதான். கடலையை இரவே ஊற வைத்து, குழைய அவிக்க வேண்டும். வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் வறுத்து, எண்ணெய் விட்டு விழுதாக்கி, வடிகட்டிக்கொள்ள வேண்டும். எள் விழுதில் எலுமிச்சைச் சாறு விட்டதும் அது கட்டியாகி நம்மைப் பயமுறுத்தும். பயப்படக்கூடாது. ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டால் எண்ணெயும் தண்ணீரும் சமாதானமாகி, விழுது வெளுத்து இளகும். அதில் பூண்டு, உப்பு, அவித்த கடலை சேர்த்து அரைத்தால் முடிந்தது. முதல் நாள் மரியம் வீட்டு அடுப்பங்கரையில் என் கையாலேயே செய்தேன். வழுவழுவென்று வந்தது. மறுநாள் எங்கள் வீட்டில் செய்தேன். மணல்.

தினமும் மரியம் வீட்டிலேயே அவித்துக்கொள்ளலாம்தான். ஆனால் அவருடைய மருமகளுக்குப் பிரசவ நேரம். அடுத்த வியாழக்கிழமை காலை மரியம் குவாலா சிலாங்கூருக்குக் கிளம்புகிறார். வீடு நாற்பது நாள் பூட்டிக் கிடக்கும். அதற்குள் எங்கள் வீட்டில் ஹும்முஸ் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நண்டு வாங்கி ஈறாலேயே கடிக்கப்போவதாக அந்தோனி சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். காரணம் தெரியாத கோளாறுக்கு அங்கே ஒரு விதி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. அதன்படி முதலில் மரியத்தின் மிக்சியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மணல். அவருடைய குக்கர். மணல். அடுத்து அவருடைய கேஸ் தோங்கை, அதாவது சிலிண்டரை, ஒற்றைச் சக்கர வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுச் சோமு மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னாக்கா, கேஸ் தோங்குக்கு வாக்கிங்கா?"

"சோதனைப்பா."

"டெஸ்ட்ல பாஸா?"

மணல். கடைசியில் மரியத்தையே கூட்டிவந்து எங்கள் அடுப்பில் அவிக்கச் சொன்னேன். அரைத்ததை விரலில் தடவிப் பார்த்த மரியத்தின் முகம் வாடிப்போனது.

"யா அல்லா, நான் அரைச்சும் இப்படியா? எவலின், ஒங்க வூட்டுல ஏதோ இருக்கு."

வீட்டில் ஏதோ இருக்கிறது என்பதை அந்தோனி உடனே பிடித்துக்கொண்டார். அடுப்பு மேசையைக் கிழக்கே திருப்பினோம். அடுப்பை வாசலுக்குக் கொண்டுபோனோம். இரண்டிலும் மணல். பிறகு சோமு வீட்டு வாசலில் அவித்துப் பார்த்தேன். தண்ணீர் வெட்டு முடிந்தும் அவர் வீட்டுக் குழாயில் இன்னும் தேத்தண்ணீர் நிறத்தில் வந்துகொண்டிருந்ததால், தண்ணீரை மட்டும் எங்கள் வீட்டிலிருந்து வாளியில் எடுத்துப்போனேன். அங்கேயும் மணல்.

எங்கள் குடியிருப்பான தாமானின் வரைபடம் ஒன்றை ஒரு தாளில் வரைந்து, எங்கள் வீட்டையும் சோமு வீட்டையும் சிவப்பாக அடித்தேன். மரியம் வீட்டுக்குப் பச்சை. மணலின் எல்லை நடுவில் மிச்சமிருக்கும் இரண்டு வீடுகளில் எங்கோ போகிறது என்பது என் முடிவு. பத்தொன்பது வருட அனுபவத்தில் எழுதிய முடிவு. கடைசியில் தேதியும் போட்டேன்.

அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கர்களின் ஜெபக் குழுவான எங்கள் அன்பியத்தின் தலைவி அன்னம்மாக்கா, இந்த வாரம் ஜெபக் கூட்டம் யார் வீட்டில் என்று கேட்க வந்தவர், வரைபடத்தைப் பார்த்தார்.

"ஐயோ, சோமு வீடும் போயிருச்சா?"

"போயிருச்சுக்கா."

"அடுத்தது எங்க வீடாச்சே!" சற்று யோசித்தார். "அட, தோல உரிச்சியா நீ?"

உரிக்கவில்லை. கடலையின் தோல் மிக்சியில் முழுசாக அரையாது, துணுக்குத் துணுக்காக நிற்கும். அதுவே மணலாக இருக்கலாம். ஏற்கத்தக்க கருத்து. ஆனால் எத்தனை கடலை? நூறு கடலையை எடைபோட்டேன். நாற்பத்திரண்டு கிராம். கால் கிலோவுக்குச் சுமார் அறுநூறு. ஒற்றை ஆளாக உரித்தால் விடிந்துவிடும்.

"புதன்கிழமை கூட்டத்த ஒங்க வீட்டுல வச்சிக்குவோம்" என்றார் அன்னம்மாக்கா. "ஜெபமால சொல்லிக்கிட்டே உரிச்சிரலாம். ஒரு மணிக்கு ஒரு கடலை."

கணக்குப் போட்டேன். ஒரு ஜெபமாலையில் ஐம்பத்துமூன்று 'அருள் நிறைந்த மரியே' ஜெபம். பன்னிரண்டு பேர் உரித்தால் அறுநூற்று முப்பத்தாறு. கால் கிலோவுக்குப் போக மிச்சமும் வருகிறது. இவ்வளவு பொருந்தி வருவதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது. அன்பியத்தில் எங்களோடு சேர்த்துப் பத்துப் பேர்தான். மரியமும் சோமுவும் கை கொடுக்க வந்தார்கள்.

புதன் மாலை பன்னிரண்டு பேரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். எல்லார் மடியிலும் ஒரு கிண்ணம், ஐம்பத்துமூன்று அவித்த கடலை. புதன்கிழமைக்குரிய மகிமை தேவ இரகசியங்களை அன்னம்மாக்கா தொடங்கினார். அவர் வேகம் தாமானில் பிரபலம். முதல் பத்து மணி முடிந்தபோது யார் கையிலும் நாலு கடலைக்கு மேல் உரியவில்லை.

"அக்கா, கொஞ்சம் மெதுவாலா" என்றாள் பின்னால் இருந்த நித்தியா.

"கடலைக்காக மாதாவக் காக்க வைக்கச் சொல்றியா?"

"மாதா காத்திருப்பாங்க" என்றார் அந்தோனி. "என்னால முடியாது."

வேகம் குறைந்தது. அடுத்த சிக்கல், விண்ணகத் தந்தையை நோக்கிச் சொல்லும் ஜெபத்தின்போது கடலை உரிக்கலாமா என்பது. உரிக்கலாம் என்று நாலு பேர், கைகூப்ப வேண்டும் என்று ஆறு பேர். சோமுவும் மரியமும் ஓட்டுப் போடவில்லை. ஜெபம் சொல்லாத அவர்கள் இருவருக்கும் வேகக் கட்டுப்பாடும் இல்லை. மரியம் தன் பங்கை முடித்து, என் கிண்ணத்திலிருந்து முப்பது கடலையையும் முடித்துவிட்டார். அன்னம்மாக்கா ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசி மணிக்குக் கடைசிக் கடலை உரிந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. மிக்சியைக் கூடத்துக்கே கொண்டுவந்து எல்லார் முன்னாலும் அரைத்தேன். ஐஸ் தண்ணீர் விட்டேன். மூன்று நிமிடம். பார்க்க அழகாக, வெள்ளையாக இருந்தது. அந்தோனியிடம் ஒரு கரண்டி நீட்டினேன்.

அவர் நாக்கைச் சுழற்றினார். மெதுவாக எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"ஞாயித்துக்கெழம நண்டு" என்றார்.

அறுநூறு கடலை, ஒரு முழு ஜெபமாலை. தோல் இல்லை, மணல் இருக்கிறது. அப்படியானால் மணல் தோலில் இல்லை, பருப்புக்குள்ளேயே இருக்கிறது. இதை நான் எல்லாருக்கும் விளக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. சோமு மட்டும் கிண்ணத்தில் எஞ்சியிருந்த கடலையை எடுத்து வாயில் போட்டார்.

சோமுவின் தொழிலை இங்கே சொல்ல வேண்டும். மாங்காய், நெல்லிக்காய், பப்பாளிக்காயை உப்பிலும் சீனியிலும் ஊறவைத்து, ஜெருக் என்று போத்தலில் அடைத்து, குவாலா சிலாங்கூரிலும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் விற்கிறார். காய் எத்தனை வாரம் ஊறினாலும் கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும். அவர் பிழைப்பே அந்த நறுக்கில்தான்.

அவர் மென்றார். நிறுத்தினார். இன்னொன்று போட்டு மென்றார்.

"அக்கா, வெளிய நல்லா வெந்திருக்கு. நடுவுல ஒரு நறுக் இருக்கு. இந்த நறுக் எனக்குத் தெரியும்லா. இதுக்குப் படிகாரம் போட்டீங்களா?"

"கடலைக்கு யாராவது படிகாரம் போடுவாங்களா சோமு?"

"காய் கொழையாம இருக்க நான் அதான் போடுறேன். தாவாஸ். மருந்துக்கடையில கட்டியா விப்பாங்களே."

நான் பின்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

பல் பிடுங்கிய அதே வாரத்தில் தாமானுக்கு மூன்று நாள் தண்ணீர் வரவில்லை. பிறகு வந்ததெல்லாம் பழுப்பு. மரியம் வீட்டில் வாசலிலேயே பெரிய ஃபில்டர் இருக்கிறது. எங்கள் வீட்டில் இல்லை. நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். ஆற்றுத் தண்ணீரில் படிகாரக் கட்டியை நாலு சுற்றுச் சுற்றித் தெளிய வைத்துக் குடித்தவர்கள் நாங்கள். அதனால் சமையலுக்கு எடுக்கும் தண்ணீரைப் பின்கட்டில் நீலத் தொட்டியில் பிடித்து, படிகாரக் கட்டி ஒன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே தொங்கவிட்டிருந்தேன். நாலு சுற்று அல்ல, பதினேழு நாள். ஆலையில் இதையே மில்லிகிராம் கணக்கில் அளந்து போட்டவள் நான். வீட்டில் கயிறு. குக்கரைச் சந்தேகித்தேன், கேஸைச் சந்தேகித்தேன், கிழக்குத் திசையைச் சந்தேகித்தேன். தண்ணீரைச் சந்தேகிக்கவில்லை. அவ்வளவு தெளிவான தண்ணீர் இந்த வரிசையில் யார் வீட்டிலும் கிடையாது. கஞ்சியில் அரிசி குழைந்துதான் வந்தது, அதனால் அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை.

காய்க்குள்ளும் பருப்புக்குள்ளும் அணுக்களை ஒட்டி வைத்திருக்கும் பசை ஒன்று உண்டு. வேகும்போது அது கரைந்தால்தான் பருப்பு குழையும். படிகாரம் அந்தப் பசையைக் கரையவிடாமல் இறுக்கிவிடும். மாங்காய்க்கு அது நறுக். அரைத்த கடலைக்கு அதுதான் மணல். இதையும் எல்லாருக்கும் விளக்கினேன். இம்முறை கேட்டார்கள்.

"அப்போ நான் இத்தன நாளா பட்டினி கெடந்தது" என்றார் அந்தோனி, "ஒன்னோட சுத்தத்துக்கா?"

"ஆமாங்க."

"சோமு வீட்டு மேல போட்ட சிவப்பு?"

"அழிச்சிர்றேன்."

"மொதல்ல அழிங்கக்கா" என்றார் சோமு. "சரக்கு விக்கிற வீடு."

அன்னம்மாக்கா சிரித்துச் சிரித்துப் பாயில் சாய்ந்துவிட்டார். மரியம் என் தோளைத் தட்டி, "விடியக் கெளம்புறேன், வெந்ததும் போன்ல படம் அனுப்பு" என்றார். ஃபில்டர் தண்ணீர் ஒரு வாளி தரவா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். நாற்பது நாளைக்கு வாளி போதாது. எங்கள் குழாய்த் தண்ணீரிலேயே வர வேண்டும்.

அன்று இரவே தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினேன். குழாயிலிருந்து பழுப்புத் தண்ணீரை இரண்டு வாளி பிடித்து மூடி வைத்தேன். வியாழன் காலை சேறு அடியில் தங்கியிருந்தது. மேல் தண்ணீரை அசைக்காமல் மொண்டு, நாலாக மடித்த துணியில் வடிகட்டிக் கொதிக்கவைத்தேன். லேசான மஞ்சள் நிறம் இருந்தது. பார்க்க மனம் வரவில்லை. ஆனாலும் ஆறியதும் அதிலேயே கடலையை ஊறவைத்தேன். சாயங்காலம் அவித்தேன்.

குக்கரைத் திறந்து ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். எதிர்ப்பே இல்லை, தோலோடு கூழாகியது. அரைத்தேன். அந்தோனி கிண்ணத்தை என் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். முதல் கரண்டியை வெகுநேரம் வாயில் வைத்திருந்தார். நான் கொப்பளிக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவர் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மெத்தென்ற நடுப்பகுதியை அதில் முக்கினார். பிறகு கிண்ணத்தை வழித்துக் காலியாக்கினார்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"நண்டு அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்கிறேன். கால் கிலோ கடலைக்குச் செய்முறை இது. படிகாரம் படாத குழாய்த் தண்ணீரை ஓர் இரவு தெளியவிட்டு, துணியில் வடிகட்டிக் கொதிக்கவைத்து ஆறவிடவும். அதில் கடலையை எட்டு மணி நேரம் ஊறவைக்கவும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதே போல் தெளியவைத்த புதுத் தண்ணீர் ஊற்றி, அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்து, குக்கரில் இருபத்தைந்து நிமிடம் அவிக்கவும். சோடா அந்தப் பசையைக் கரைக்கும், தோலையும் கரைக்கும். உரிக்கத் தேவையில்லை. அரைப்பது மரியம் சொல்லித் தந்தபடியேதான்.