தாளின் அடியில் நின்ற தலைப்பு

முதலாளி சங்கையாவுக்குத் தாளில் எங்காவது வெள்ளையாக இடம் கிடந்தால் பொறுக்காது. இராஜபாளையத்தில் அவருடைய கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்குப் புண்ணில் வைத்துக் கட்டுகிற காஸ் துணி அனுப்புகிற கம்பெனி. தொண்ணூற்றொன்பதில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார், பரிபூரணத்தை வேலைக்கு வைத்தார், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு மேசை போட்டார்.

ஒவ்வொரு லோடுக்கும் இரண்டு பெட்டி, இரண்டு தாள். முதல் பெட்டியில் நீராவியில் சுத்தம் செய்த துணி. 'அப்படியே உபயோகிக்கலாம்' என்ற தலைப்போடு அதன் பட்டியல். இரண்டாம் பெட்டியில் சுத்தம் செய்யாதது. 'நீராவியில் வைத்த பிறகே உபயோகிக்கவும்' என்பது அதன் தலைப்பு. இரண்டுக்கும் ஒரே வெள்ளை உறைதான், அதுவும் முதலாளியின் சிக்கனம். பெட்டியின் மேல் ஒட்டுகிற தாளைப் பார்த்துத்தான் வித்தியாசம் தெரியும்.

அந்தத் தாளைப் பரிபூரணம் வெப் பக்கமாக எழுதி, பிரவுசரிலிருந்து பிரிண்ட் எடுப்பாள். திரையில் அது அறுக்காத துணி மாதிரி ஒரே நீளமாகக் கிடக்கும். எங்கே அறுப்பது என்பது பிரிண்டரின் இஷ்டம். அதற்காகவே பக்கத்தின் அமைப்பைச் சொல்கிற ஸ்டைல் ஷீட்டில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: இரண்டாம் தலைப்பு எப்போதும் புதுத் தாளில்தான் தொடங்க வேண்டும். முதல் தாளின் அடியில் கொஞ்சம் காலி இடம் விழுந்தது.

"எம்புட்டு இடம் வெறுமனே கெடக்கு. அந்த வரிய எடுத்துரும்மா" என்றார் சங்கையா.

வெள்ளிக்கிழமை எடுத்துவிட்டாள். ஒரு தாளும் மிச்சமாகவில்லை.

செவ்வாய்க்கிழமை அவளுடைய அக்கா ஞானபாக்கியத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நர்சிங் ஹோமில் பிரசவ ஆபரேஷன். முந்தின நாள்தான் அங்கே ஒரு லோடு போயிருந்தது. அக்கா உடம்பில் படப்போகிற துணியாயிற்றே என்று ஆபீஸ் நகலை எடுத்துப் பார்த்தாள். இரண்டாம் தலைப்பு முதல் தாளின் அடியில் தனியாக நின்றது. இரண்டாம் தாள் தலைப்பே இல்லாமல் வெறும் பட்டியலாகத் தொடங்கியது.

நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டாள், லைன் கிடைக்கவில்லை. சங்கையா, "நர்சுக்குத் தெரியாதா?" என்றார். அவள் ஓடிப்போய் பஸ் ஏறினாள். பஸ் நின்ற இடத்திலெல்லாம் டிரைவரை வாய்க்குள் திட்டினாள், திட்டிய வாயாலேயே ஏசுவே ஏசுவே என்றாள். இவ்வளவு பயத்தை அவள் அதற்கு முன் அறிந்ததில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இறங்கி ஓடினாள். நர்சிங் ஹோம் வராந்தாவில் அக்கா புருஷன் தவசிமுத்து நின்றிருந்தார்.

"உள்ள கொண்டு போயிட்டாவ. செத்த நேரம் ஆச்சு" என்றார்.

அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நர்ஸ் ஆவுடையம்மாள் தள்ளுவண்டியோடு எதிரே வந்தார்.

"ஏட்டி, இங்கெல்லாம் வரக் கூடாது."

"சிஸ்டர், நேத்து வந்த ரெண்டாம் பெட்டி எங்க?"

"இந்தா வண்டியில இருக்கு. மொதப் பெட்டித் தாள்ல நீராவில வைக்கணும்னு கடைசியில போட்டிருந்துச்சு, அது மெஷின்ல கெடக்கு. டாக்டரம்மா அவசரப்படுதாவ. இதுல அப்படி ஒண்ணும் போடல, அதான் இதை எடுத்துட்டு வாரேன்."

"தொடாதிய சிஸ்டர். இதுதான் சுத்தம் பண்ணாதது. மொதப் பெட்டிதான் நல்லது."

ஆவுடையம்மாள் கையில் ஒரு உறை பாதி கிழிந்திருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு மெஷின் இருந்த அறைக்கு ஓடினார்.

பிள்ளை அழுகிற சத்தம் கேட்டபோது பரிபூரணம் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பெண் பிள்ளை, அக்காவும் நன்றாக இருக்கிறாள் என்றார்கள். பிறகு ஆவுடையம்மாள் இரண்டு பெட்டித் தாளையும் உரித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எப்ப இருந்து இப்படி அச்சாகுது?"

"வெள்ளிக்கிழமைல இருந்து."

"பொறவு எங்களுக்கு மட்டுந்தான் அனுப்புனியளா?"

சனிக்கிழமை ஆலங்குளம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்கு இதே அளவு லோடு போயிருந்தது. அந்த நகலும் அதே மேசைக்குத்தான் வந்தது. அங்கே அவளுடைய ஆள் யாரும் படுத்திருக்கவில்லை, அவள் அதைப் பார்க்காமலே கோப்பில் போட்டிருந்தாள்.

எழுந்து நர்சிங் ஹோம் போனில் அந்த ஆஸ்பத்திரி நம்பரைச் சுற்றினாள். உடனே எடுத்தார்கள்.

"காஸ் துணிக் கம்பெனியில இருந்து பேசுதேன். சனிக்கிழமை வந்த ரெண்டாம் பெட்டியப் பிரிச்சிட்டியளா?"

"அது தீந்துருச்சேம்மா. அடுத்த லோடு எப்ப அனுப்புதிய?" என்றது மறுமுனை.